கல் நடுவோர் யார்?

வீரன் யார்? இவ்வினாவுக்கு விடை எளிது என்றே நாம் எண்ணுகிறோம். பிறர் அஞ்சி நின்ற இடத்தில் அஞ்சாது முன் சென்றவன் வீரன். தன் உயிரினும் பிறர் உயிரைப் பெரிதென மதித்தவன் வீரன். பள்ளிப் பருவத்திலிருந்தே நாம் பாடமாகக் கேட்டுவந்த இலக்கணம் இது. இதில் பிழை ஒன்றும் இல்லை.

ஆயின், இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உலகம் போற்றுகின்ற பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போமானால் ஒரு குழப்பம் தோன்றுகிறது. இலக்கணத்துக்கு முற்றும் பொருந்தியவர் பலர் பெயர் தெரியாமல் மறைந்திருக்கின்றனர். ஒருவர் பெயர் வாழும் காலத்திலேயே ஓங்கி ஒலிக்கிறது. மற்றொருவர் பெயர் அவர் மறைந்து நூறாண்டு சென்ற பிறகே மெல்ல வெளிவருகிறது. செயல் ஒன்றாக இருக்கப் புகழ் வேறாக இருப்பது ஏன்? ஆதலின், வீரன் யார் என்று மட்டும் கேட்டால் போதாது. இவன் வீரன் என்று முடிவு செய்வோர் யார், எதைக் கண்டு முடிவு செய்கின்றனர் என்றும் கேட்டல் வேண்டும்.

இக்கட்டுரை அவ்விரண்டாம் வினாவைப் பற்றியது. இதற்குச் சான்றாக இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, நம் முன்னோர் நட்ட நடுகற்கள். மற்றொன்று, நாம் பயிலும் இக்கொல்கத்தா மாநகரில் காலரா என்னும் கொடிய நோயோடு மனிதர் நடத்திய நெடும்போர். ஒன்று வாளால் நடந்தது. மற்றொன்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் நடந்தது. எனினும் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதைக் காண்போம்.

கல்லும் ஊரும்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவது தமிழர் தொன்மரபு. தொல்காப்பியம் அதற்குரிய படிகள் ஆறினைக் கூறுகிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதனைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது அச்சடங்கு. இந்த ஆறு படிகளையும் செய்வோர் யார்? வீரன் அல்லன், அவன் இறந்துவிட்டான். அவற்றைச் செய்வோர் அவனுடைய உற்றாரும் ஊராருமே. வீரனின் பங்கு ஒரு நாளில் முடிந்தது. ஊரின் பங்கு அதன்பின்னரே தொடங்கியது. வீரச்செயல் செய்வது ஒருவன். அவனை வீரன் ஆக்குவது ஓர் ஊர்.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு மூன்று நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த அக்கற்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்பர் ஆய்வாளர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், பட்ட அந்தவன் என்பானுக்கு உரியது. எழுத்தோ சில சொற்களே. ஆனால் அவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்துவிட்டது.

ஆநிரை பூசலை நம் இலக்கணம் இரண்டாகப் பிரிக்கிறது. பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்து செல்லப்பட்டதை மீட்பது கரந்தை. ஒன்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். கவர்ந்து வந்தவன் தன் ஊரில் வீரன். இழந்த ஊரில் கள்வன். மீட்டவன் தன் ஊரில் வீரன். மற்ற ஊரில் பகைவன். செயல் ஒன்றே, வேலியின் எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. வீரம் என்பது செய்தவனிடம் மட்டும் இல்லை, பார்ப்பவர் நிற்கும் இடத்திலும் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்னொரு நடுகல் இதனினும் சுவையானது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில் நட்ட கல் அது. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக எடுத்தது. அவன் அருகிலே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். அந்நாய் இரு கள்வரைக் கடித்துத் தன் தலைவன் அருகே காவல் நின்றது என்று கல் கூறுகிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டையிட்டு மாண்ட ஒரு சேவலுக்கும் கல் உண்டு. முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்ட சேவல் அது என்று ஊரையும் சேரியையும் சேர்த்தே எழுதிவைத்தனர்.

நாய்க்கும் சேவலுக்கும் கல் நட்ட நம் முன்னோரின் பெருந்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் ஆராய்ச்சி மாணவர் வேறொன்றையும் காணத் தவறலாகாது. அந்த நாய் செய்ததை ஊர் கண்ணால் கண்டது. அச்சேவல் எந்தச் சேரிக்காகப் போரிட்டதோ அச்சேரியார் வட்டமாக நின்று பார்த்தனர். அதே காலத்தில் ஊரில் எத்தனையோ மருத்துவச்சியர் இரவெல்லாம் கண்விழித்துத் தாயையும் சேயையும் காத்திருப்பர். அவ்வகைக் காவலுக்குக் கல் நடும் வழக்கம் வரவில்லை. அவர்கள் பணி சிறிதென்பது காரணமன்று. அது நாள்தோறும் நடந்தது. நான்கு சுவர்களுக்குள் நடந்தது. பூசல் போல ஊரைக் கூட்டிவைத்து நடக்கவில்லை.

ஒரு நோய், இரு பெயர்கள்

இனிக் காலராவுக்கு வருவோம். தமிழில் வாந்திபேதி என்று சொல்லி நம் பாட்டன்மார் நடுங்கிய நோய் இது. கடுமையாகப் பீடிக்கப்பட்டவன் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறும். காலையில் நலமாக இருந்தவன் மாலையில் பிணமாவான். சிகிச்சை இல்லையெனில் கடும் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறப்பர். தக்க சிகிச்சை இருந்தாலோ நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடந்தவர் யார் யார்?

1854ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் காலரா பரவியபோது, பிலிப்போ பச்சீனி என்னும் உடற்கூற்று அறிஞர் இறந்தவர் குடலை உருப்பெருக்கியால் ஆராய்ந்தார். வளைந்த வடிவுடைய நுண்கிருமிகளைக் கண்டார். அவையே நோய்க்குக் காரணம் என்று எழுதினார். நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. 1883ஆம் ஆண்டு அவர் காலமானார்.

அதே 1883இல் எகிப்தில் காலரா தோன்றியது. பிரான்சும் ஜெர்மனியும் தத்தம் விஞ்ஞானிகளை அனுப்பின. இரு நாடுகளுக்கும் போர் நடந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. துப்பாக்கி ஓய்ந்த இடத்தில் ஆய்வுக்கூடங்கள் போட்டியிட்டன. பிரெஞ்சுக் குழுவில் வந்த லூயி துயிலியே என்னும் இளைஞர், பாஸ்டரின் மாணவர், ஆய்வு செய்யவந்த அந்நோய்க்கே இரையாகி அலெக்சாந்திரியாவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. ஜெர்மானியக் குழுவின் தலைவர் ராபர்ட் காக், போட்டியாளர் என்று பாராமல் அவரது இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்.

பின்னர்க் காக் கல்கத்தாவுக்கு வந்தார். 1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நகரில்தான் அவர் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். இந்நகரத்துக் குளத்து நீரிலும் அதனைக் கண்டார். பெர்லினுக்குத் திரும்பியபோது, போரில் வென்று மீண்ட தளபதிக்கு நிகரான வரவேற்பு அவருக்குக் கிடைத்தது. பேரரசர் விருதளித்தார். ஒரு லட்சம் மார்க் பரிசுத் தொகை வழங்கப்பட்டது.

காக் பெரிய விஞ்ஞானி என்பதில் ஐயமில்லை. பச்சீனி கண்டார் என்றால், காக் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினார். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஆயின் அந்த வரவேற்பில் ஆரவாரம் செய்தது விஞ்ஞானம் மட்டும் அன்று. புதிதாய் எழுந்த ஒரு பேரரசின் பெருமிதமும் சேர்ந்தே ஆரவாரித்தது. ஜெர்மனிக்கு அன்று ஒரு வீரர் தேவைப்பட்டார். பச்சீனியைக் கொண்டாட வேண்டிய தேவை 1854இல் எவர்க்கும் இருக்கவில்லை. அவருக்குரிய கல் 1965ஆம் ஆண்டில்தான் நடப்பட்டது. அக்கிருமியின் விஞ்ஞானப் பெயரோடு பச்சீனி என்னும் பெயரையும் 1854 என்னும் ஆண்டையும் சேர்த்து எழுதுவதென அவ்வாண்டு அனைத்துலகப் பெயரிடு குழு ஏற்றது. நூற்றுப் பதினோர் ஆண்டுகள் கழித்து வந்த நடுகல் அது! துயிலியேயின் நிலை இன்னும் வேறு. வீரத்துக்கு நாம் முதலில் சொன்ன இலக்கணத்துக்கு இம்மூவரில் முற்றும் பொருந்துபவர் அவரே. பெயர் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஒரே மனிதர், ஏற்றமும் இறக்கமும்

வால்டமார் ஹாப்கின் 1860இல் ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் காலராவுக்குத் தடுப்பு மருந்து செய்தார். 1892ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அம்மருந்தை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். 1893இல் இந்தியா வந்தார்.

1894ஆம் ஆண்டு கல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில் காலரா தோன்றியது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேருக்கு ஹாப்கின் ஊசி போட்டார். பின்னர் அங்கே பத்துப் பேருக்கு நோய் கண்டது, எழுவர் இறந்தனர். நோய் கண்டவர் அனைவரும் ஊசி போடாதவர்களே. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது அங்கே சென்றார். அதற்கும் தடுப்பு மருந்து செய்தார். 1897 ஜனவரியில் அதனையும் முதலில் தம் உடலிலேயே சோதித்தார். அவர் புகழ் ஓங்கியது.

1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபில் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு பிளேக் ஊசி போடப்பட்டது. அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. ஒரே ஒரு சீசாவிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் வாய்ப்பூட்டுக் கட்டி, அதாவது டெட்டனஸ் கண்டு, இறந்தனர். பழி ஹாப்கின் மீது விழுந்தது. அரசாங்கம் அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தது. பின்னர் ஆவணங்களை அலசிப் பார்த்தபோது, சீசாவைத் திறக்குமிடத்தில் உதவியாளர் ஒருவர் தரையில் விழுந்த இடுக்கியைச் சரிவரத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியது தெரிந்தது. ரொனால்ட் ராஸ் முதலிய விஞ்ஞானிகள் வெளிப்படையாகக் குரல் கொடுத்தனர். 1907ஆம் ஆண்டில்தான் ஹாப்கின் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகள்! திரும்பி வந்து கல்கத்தாவில் சில ஆண்டுகள் பணியாற்றினார். ஆனால் பழைய பொறுப்பு மீண்டும் கிடைக்கவில்லை. 1925ஆம் ஆண்டு பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930இல் ஸ்விட்சர்லாந்தில் காலமானார்.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. மல்கோவாலில் இறந்தவர் 19 பேர். அவர்கட்குப் பெயர் உண்டு, அழுவதற்கு உற்றார் உண்டு. தடுப்பூசியால் பிழைத்தவரோ பல்லாயிரவர். ஆனால் அவருள் ஒருவர்கூட, தாம் பிழைத்ததை அறியார். வந்திருக்கக்கூடிய நோய் வரவில்லை, அவ்வளவே. வராத நோய்க்கு எவர் நன்றி சொல்வார்? இறந்தவரை எண்ண முடியும். இறக்காதவரை எண்ண முடியாது. வருமுன் காப்பவர்க்கு நேர்கின்ற துன்பம் இது. அவர் வென்றால் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. தவறு நேர்ந்தால், அது பிறர் செய்ததே ஆயினும், ஊர் முழுதும் தெரியும்.

முயலின் குடலில் கண்ட உண்மை

கிருமி இன்னதென்று தெரிந்தது. அது எப்படிக் கொல்கிறது? காக் அது ஒரு நச்சுப்பொருளைச் சுரக்கக்கூடும் என்று 1884லேயே ஊகித்தார். ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனை ஐயமற நிறுவியவர் இல்லை. நிறுவியவர் கல்கத்தாவின் சம்புநாத் தே.

இவர் 1915இல் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். பெருஞ்செலவான கருவிகள் எவையும் இல்லாமல் இவர் செய்த சோதனை விஞ்ஞான மாணவர் ஒவ்வொருவரும் எண்ணி மகிழத்தக்கது. முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு புறமும் நூலால் கட்டினார். அடைத்த அப்பகுதிக்குள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். ஒரு நாளில் அப்பகுதி நீர் கோத்து வீங்கியது. இதனை 1953இல் வெளியிட்டார். பின்னர், கிருமி வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது! கிருமி உடலெங்கும் பரவித் திசுக்களைச் சிதைப்பதில்லை. அது சுரக்கும் நச்சுப்பொருளே குடலைத் தூண்டி நீரை வெளியேற்றுகிறது என்பது இதனால் விளங்கியது. 1959ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இக்கட்டுரை வெளிவந்தது.

இக்கண்டுபிடிப்பின் பயன் யாது? குடல் அழிந்துபோகவில்லை என்றால், இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்துகொண்டே இருந்தால் நோயாளி பிழைப்பான். நஞ்சின் வேகம் சில நாளில் தணியும். காலரா ஆராய்ச்சியின் போக்கையே இது மாற்றிற்று. 1978ஆம் ஆண்டு நோபல் நிறுவனம் காலரா பற்றி நடத்திய கருத்தரங்குக்குச் சம்புநாத்தை அழைத்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் இவர் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். நம் நாட்டில் என்ன நடந்தது? 1973இல் ஓய்வு பெற்றார், 1985இல் காலமானார். வாழ்நாளில் இந்திய விஞ்ஞானக் கழகம் எதுவும் இவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1990ஆம் ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழ் இவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டபோதுதான் நம் விஞ்ஞானிகள் பலர் இவரைத் திரும்பிப் பார்த்தனர்.

பச்சீனிக்கு நேர்ந்ததும் இவருக்கு நேர்ந்ததும் ஒன்றன்று. பச்சீனியின் சொல்லை உலகம் ஏற்கவில்லை. சம்புநாத்தின் சொல்லை உலகம் ஏற்றது. சொன்னவரை அவர் ஊர் பாராட்ட மறந்தது. பிறர் கல் நடட்டும், பின்னர் நாம் மாலையிடலாம் என்று காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெளிநாட்டார் சொன்னால்தான் நம்மவர் பெருமை நமக்கு விளங்குகிறது. இது விருந்தோம்பலும் அன்று, அடக்கமும் அன்று. நம் கண்மீது நமக்கு நம்பிக்கை இல்லாமை.

உப்பும் சர்க்கரையும்

இறுதியாக, நீரை ஈடு செய்த கதை. ஊசி வழியாக இரத்தக் குழாயில் உப்புநீர் ஏற்றும் முறை முன்பே இருந்தது. அதற்குத் தூய்மையான நீர்மமும், கருவியும், பயிற்சி பெற்றவரும் வேண்டும். ஏழைக் கிராமத்தில் இவை ஏது? 1953ஆம் ஆண்டு ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் கல்கத்தா மருத்துவர் 186 நோயாளிகளுக்கு வாய்வழியாகவே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துக் காத்ததை 'லான்செட்' இதழில் எழுதினார். அது ஏன் பயன் தருகிறது என்று அன்று எவராலும் விளக்க முடியவில்லை, உலகம் பொருட்படுத்தவில்லை. பின்னர்தான், குடற்சுவர் குளுக்கோஸை உள்ளிழுக்கும்போது உப்பையும் கூடவே இழுக்கிறது, உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது என்பது விளங்கியது. காலரா நஞ்சு இந்த வழியை மட்டும் அடைப்பதில்லை. 1968 அளவில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் மருத்துவமனைச் சோதனைகள் இதனை உறுதி செய்தன.

1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். எல்லை ஊராகிய போன்கானில் காலரா பரவியது. மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். ஏற்றுவதற்கு உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணிக்கு வந்த திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் ஒரு முடிவு எடுத்தார். குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம், இவை ஒரு லிட்டர் நீருக்கு. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி முகாமுக்குக் கொண்டுவந்தனர். கரைத்த நீரை நோயாளிக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? தாயும், தமக்கையும், மகனும், பக்கத்தில் இருந்தவருமே. ஏறத்தாழ எட்டு வாரங்களில் 3,700 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றனர். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

அம்முகாமை நேரில் வந்து கண்டவர் உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா. கண்டதை அவர் உலகெங்கும் எடுத்துரைத்தார். 1978இல் 'லான்செட்' இதழ், இந்த நூற்றாண்டின் மருத்துவ முன்னேற்றங்களுள் இதுவே தலையாயதாக இருக்கக்கூடும் என்று கருத்துரைத்தது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் கலவையின் அளவுகளைச் சற்று மாற்றியது, தத்துவம் மாறவில்லை. இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொட்டலம் அதுவே.

மகலனாபிஸ் 2022 அக்டோபரில் இக்கொல்கத்தாவில் காலமானார். மூன்று திங்கள் கழித்து, 2023 ஜனவரியில், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. வாழும்போது நாம் கொடுத்திருந்தால் அவர் கையில் வாங்கியிருப்பார்.

மூன்று விதிகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து, சமுதாயம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் மூன்றினை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதல் விதி, காட்சி. செயல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளத்தில் குதித்து ஒரு குழந்தையைக் கரை சேர்ப்பவனை ஊர் தோளில் தூக்கும். வெள்ளம் வராதபடி ஏரிக்கரையை ஆண்டுதோறும் பலப்படுத்துபவனை எவரும் அறியார். முன்னவனைப் போற்றுவது தவறன்று. பின்னவனை அறியாதிருப்பதே தவறு.

இரண்டாம் விதி, முகம். ஊருக்கு ஒரு நாளும் ஒரு முகமும் வேண்டும். பலர் பல ஆண்டுகள் செய்த பணி கதையாவதற்கு எளிதில் இடம் தராது. போன்கானில் நோயாளிக்குக் குவளை குவளையாக நீர் ஊட்டிய பெண்கள் ஆயிரவர். ஆயிரம் முகங்களை ஒரு கல்லில் செதுக்க இயலாது. ஆகையால் எவரையும் செதுக்காமல் விட்டுவிடுகிறோம்.

மூன்றாம் விதி, தேவை. கல் நடுவதற்கு ஆளும் பொருளும் காரணமும் வேண்டும். ஜெர்மனிக்குக் காக் தேவைப்பட்டார், நட்டது. ஹாப்கின் யாருடையவர்? ரஷ்யா அவரைத் தன்னவராகக் கருதவில்லை, ஆங்கில ஆட்சிக்கு அவர் அயலார், இந்தியர்க்கும் அயலார். தம் ஊர் என்று ஓர் ஊர் இல்லாதவர்க்குக் கல் நடுவோர் குறைவு.

இவ்விதிகள் செயற்பட்ட இடத்துக்கு வங்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. காலராவுக்கு அஞ்சி மக்கள் ஒரு தெய்வத்தை வழிபட்டனர். இந்துக்கள் ஓலாதேவி என்றனர். முஸ்லிம்கள் ஓலாபீபி என்றனர். நம் நாட்டில் அம்மை நோய்க்கு மாரியம்மனை வேண்டியது போன்றதே இது. அம்மக்களை நான் இகழேன். மருந்து இல்லாத காலத்தில் வேறு எங்கே போய் அழுவர்? ஆனால் மருந்து வந்த பின்னரும், நோய்க்கு நினைவிடம் இருக்கிறது. நோயை வென்றவர்க்குப் பெரும்பாலும் இல்லை. நம்மை அச்சுறுத்தியதை நாம் மறப்பதில்லை. அச்சத்தை அகற்றியதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஓர் ஐயம்

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம். "உயிரைப் பணயம் வைத்தவன்தானே வீரன்? முயலின் குடலைக் கட்டிப் பார்த்தவரை அறிஞர் என்று சொல். வீரர் என்று ஏன் சொல்கிறாய்?" நல்ல கேள்விதான். வாளோடு நின்றவனையும் நுண்ணாடியோடு அமர்ந்தவரையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆயின் சொற்களும் காலத்தோடு வளர்கின்றன. சங்கப் பாடல்களில் சான்றோன் என்னும் சொல் போர்வீரனையும் குறித்து வந்தது. பிற்காலத்தில் அது அறிவும் ஒழுக்கமும் நிறைந்தவரைக் குறிக்கலாயிற்று. சமுதாயம் எதனை உயர்வாகக் கருதுகிறதோ அதன் பக்கம் சொல் சாய்கிறது. அன்று ஆநிரையே செல்வம். அதனைக் காத்தவனே வீரன். இன்று நாம் காக்க விரும்புவது எது? பச்சிளங் குழந்தையின் உயிரா, பசுக்கூட்டமா? விடை தெரிந்த பின்னும் பழைய அளவுகோலையே வைத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

வேறொரு காரணமும் உண்டு. நடுகல் இறந்தவனுக்காக மட்டும் எழுப்பப்பட்டதன்று. அவ்வழியே செல்லும் இளைஞன் கண்ணில் படுவதற்காகவும் எழுப்பப்பட்டது. எவர்க்குக் கல் நடுகிறோமோ அவரைப் போல் ஆக அடுத்த தலைமுறை விரும்பும். ஆரவாரத்துக்கே கல் நட்டால் ஆரவாரக்காரரே பெருகுவர். பொறுமைக்கும் உண்மைக்கும் கல் நடாமல் விட்டால், ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு அமர்ந்து உழைக்க ஆள் இல்லாமல் போகும். நாளைக்கு ஒரு புதுநோய் வந்து கதவைத் தட்டும்போது அதன் விலையை நாம் அனைவரும் கொடுக்க நேரும்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே, ஒருவரை வீரர் என்று எவரேனும் நம்முன் நிறுத்தும்போது மூன்று கேள்விகள் கேட்போமாக. இவர் செயலைக் கண்டவர் யார்? இவரோடு நின்று, முகம் தெரியாமல் போனவர் யார்? இக்கல்லை நட்டவருக்கு இதனால் என்ன தேவை? இக்கேள்விகளால் உண்மை வீரர் எவரும் சிறுமை அடையமாட்டார். காக்கின் பெருமை பச்சீனியை நினைப்பதால் குறைந்துவிடுமா? போலிகள் மட்டுமே குறைவர்.

கேள்வி கேட்பதோடு நின்றுவிடலாகாது. நாமும் ஓர் ஊர்தான். தமிழகத்திலிருந்து பல நூறு கல் தொலைவில், ஒரு மொழியால் கூடியிருக்கும் சிற்றூர் நம் சங்கம். நம் விழாக்களில் புலவர்க்கும் தலைவர்க்கும் படம் திறக்கிறோம், நன்று. அதனோடு ஆண்டுக்கு ஒரு முறை, கல் நடப்படாத ஒருவரைப் பற்றி ஒரு சொற்பொழிவு வைக்கலாம். இரசாயனம் பயில்வோர், பொறியியல் பயில்வோர், பொருளியல் பயில்வோர் என ஒவ்வொருவரும் தத்தம் துறையில் மறக்கப்பட்ட ஒருவரைத் தேடி, நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதி இவ்விதழுக்குத் தரலாம். வங்க நண்பர்களிடம் கேட்டால் அவர்கள் ஊரில் மறக்கப்பட்டவர் பெயர் பத்துச் சொல்வர். அவர்க்கு நாம் தமிழில் கல் நடுவோம். வேற்றூர் வீரனுக்குக் கல் நடும் ஊர் உண்மையில் பெரிய ஊர்.

புலிமான்கோம்பையில் சில சொற்களைக் கல்லில் பொறித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவன் அன்று சோம்பியிருந்தால் அந்தவன் என்னும் பெயர் இன்று நமக்கு இல்லை. நம் கையில் உளியும் கல்லும் இல்லை. பேனாவும் தாளும் உண்டு. அவை போதும்.